சாறு பிழியும் பொறிகள்: விளம்பரமும் இயற்பியலும்

வீட்டிற்குச் சாறு பிழியும் பொறி ஒன்று வாங்கச் செல்பவரிடம் கடைக்காரர் முதலில் சொல்வது சுழற்சி வேகத்தைப் பற்றித்தான். ஒரு பொறி நிமிடத்திற்கு 10,000 சுற்றுகள் அல்லது அதற்கு மேலும் சுழல்கிறது. மற்றொன்று ஏறத்தாழ 60 சுற்றுகள்தாம். முன்னது பழத்தைச் சூடாக்கிச் சத்துகளைக் கொன்றுவிடுகிறதாம். பின்னது 'குளிர் அழுத்த' முறையில் அவற்றை உயிரோடு காப்பாற்றுகிறதாம். இந்த ஒரு சொல்லுக்காகவே இரண்டாவது பொறிக்குப் பன்மடங்கு விலை கேட்கப்படுகிறது. நோயிலிருந்து தேறிவரும் ஒருவர் வீட்டில் இருந்துவிட்டால், விலையைப் பற்றி வாய் திறக்கவே குடும்பத்தார் கூச்சப்படுகின்றனர். ஆகவே அந்தக் கேள்வியை நாம் கேட்டுப் பார்ப்போம்.

முதலில் இரு பொறிகளும் எவ்வாறு இயங்குகின்றன என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வேகமான பொறியில், அடியில் துருவுபல் பொருத்திய வலைக்கூடை ஒன்று சுழல்கிறது. துருவப்பட்ட கேரட் கூடையின் சுவரை நோக்கி வீசப்பட, சாறு வலைக்கண்கள் வழியே வெளியேறுகிறது. கூடையின் ஆரம் 6 செ.மீ. என்று கொண்டால், 10,000 சுற்று வேகத்தில் அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 226 கி.மீ. வேகத்தில் செல்கிறது. அங்கே ஒட்டியிருக்கும் துணுக்கின் மைய நோக்கு முடுக்கம், புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 6,700 மடங்கு. ஈரத்துணியைச் சுழற்றி நீரைப் பிரிக்கும் சலவை இயந்திரத்தின் தத்துவமே இது.

மெதுவான பொறியில் இந்த விளைவு அறவே இல்லை என்றே கூறலாம். அங்கே வேலை செய்வது ஒரு திருகு. பழத் துண்டுகளை அது குறுகிக்கொண்டே செல்லும் இடைவெளிக்குள் தள்ளி நசுக்குகிறது. எண்ணெய் ஆலையில் எக்ஸ்பெல்லர் பார்த்தவர்களுக்கு இது பழகிய அமைப்புதான். சாலையோரக் கரும்புச் சாற்றுக் கடையின் உருளைகளும் அழுத்திப் பிழியும் இதே இனத்தைச் சேர்ந்தவை. 'குளிர் அழுத்தம்' ஏதோ புதிய கண்டுபிடிப்பு என்று எண்ணிவிட வேண்டாம்.

இதில் உண்மையிலேயே வியக்கத்தக்கது ஒன்று உண்டு. அதைப் பற்றி விளம்பரம் மூச்சு விடுவதில்லை. 500 வாட் மோட்டார் 10,000 சுற்று வேகத்தில் தரக்கூடிய திருப்பு விசை, இழப்பே இல்லை என்று கொண்டாலும், அரை நியூட்டன் மீட்டருக்கும் குறைவு. 200 வாட் மோட்டாரின் வேகத்தைப் பற்சக்கரங்களால் 60 சுற்றாகக் குறைத்தால், அதே கணக்கில் 32 நியூட்டன் மீட்டர் கிடைக்கிறது. உராய்வில் பாதி போனாலும் மீதி 16. 'இதில் வாட் குறைவாக இருக்கிறதே' என்று தயங்குபவர் தவறான இடத்தில் தயங்குகிறார். வாட் என்பது பொறி ஒரு நொடியில் உட்கொள்ளும் மின்னாற்றலின் அளவு. பிழியும் வலிமையின் அளவு அன்று.

இனி, வெப்பம் பற்றிய குற்றச்சாட்டுக்கு வருவோம். பத்தாம் வகுப்பு மாணவனே போடக்கூடிய கணக்கு இது. 500 வாட் பொறி ஒரு நிமிடம் ஓடினால் செலவாகும் ஆற்றல் 30,000 ஜூல். ஒரு கிலோ கேரட்டின் பெரும்பகுதி நீர்தான். எனவே அதன் தன்வெப்பம் நீரின் தன்வெப்பத்திற்குச் சமம் என்றே கொள்வோம். ஒரு கிலோவை ஒரு டிகிரி செல்சியஸ் சூடாக்க 4,200 ஜூல் தேவை. மோட்டாரின் ஆற்றல் துளியும் வெளியே சிந்தாமல் அனைத்தும் கேரட்டுக்குள்ளேயே புகுந்தாலும் வெப்பநிலை உயர்வு 7 டிகிரிதான். 30 டிகிரியில் இருந்த கேரட் 37 டிகிரியை எட்டும். அது நம் உடலின் வெப்பநிலை! உண்மையில் அந்த ஆற்றலில் ஒரு பகுதி மோட்டாரின் கம்பிச் சுருளையும், விசிறி வெளியே தள்ளும் காற்றையும்தான் சூடாக்குகிறது. பொறியின் உடலைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சாறும் அவ்வாறே கொதித்திருக்கும் என்று முடிவு கட்டுவது சரியன்று. ஐயமுள்ளவர்கள் ஒரு வெப்பமானியைச் சாற்றில் வைத்துப் பார்க்கலாம். அரை நிமிட வேலை.

'என்சைம்கள் அழிவதில்லை' என்னும் வாக்கியம் இன்னும் வேடிக்கையானது. அழியவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அவை நமக்கு என்ன செய்கின்றன? நறுக்கிய ஆப்பிளைப் பழுப்பாக்குவது அதிலுள்ள ஒரு என்சைம். வெள்ளரி இனக் காய்களில் உள்ள மற்றோர் என்சைம், வைட்டமின் சி-யையே ஆக்ஸிஜனுடன் சேர்த்துச் சிதைக்கக்கூடியது. உயிரோடு காப்பாற்றியதாகப் பெருமை பேசப்படும் பொருள்களில் இந்தத் திருடர்களும் அடக்கம். மற்றவையும் புரதங்களே; நம் இரைப்பை அமிலம் அவற்றைப் பெரும்பாலும் மற்றப் புரதங்களைப் போலவே நடத்தும்.

ஆயின், மெதுவான பொறிக்குச் சாதகமாக எதுவுமே இல்லையா? இருக்கிறது. அது வெப்பத்தில் இல்லை, காற்றில் இருக்கிறது. வேகமாகச் சுழலும் கூடை சாற்றோடு காற்றையும் அடித்துக் கலக்குகிறது. மேலே நிற்கும் நுரையே அதற்குச் சாட்சி. ஆக்ஸிஜன் மிகுதியாகக் கலந்த சாறு விரைவில் நிறம் மாறுகிறது, மணம் கெடுகிறது. பிழிந்து மாலைவரை வைத்திருந்து குடிப்பவருக்கு இந்த வேறுபாடு பொருட்டாகலாம். பிழிந்த கையோடு குடிப்பவர் அதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை.

மற்றொரு சாதகம், கிடைக்கும் சாற்றின் அளவு. கீரை, அருகம்புல் போன்றவை வேகமான கூடையில் வழுக்கிக்கொண்டு சக்கையோடு வெளியேறிவிடும். திருகு அவற்றை விடாது பிடித்து நசுக்கும். கேரட்டில் வேறுபாடு அவ்வளவு பெரிதன்று. ஒரு கிலோவிலிருந்து வேகமான பொறி 500 கிராம் சாறும், மெதுவான பொறி 600 கிராம் சாறும் தருவதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அரைக் கிலோ சாற்றுக்கு மிச்சமாகும் கேரட் 167 கிராம். கேரட் கிலோ 60 ரூபாய் என்றால் ஒரு நாளைக்கு மிச்சம் 10 ரூபாய். இரு பொறிகளுக்கும் விலை வேறுபாடு 10,000 ரூபாய் எனில், நாள் தவறாமல் பிழிந்தாலும் அதை மீட்க 1,000 நாள்கள் ஆகும். வாரத்திற்கு இரு முறை பிழிபவருக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு மேல். அதுவரை பொறி உழைக்குமா என்பது வேறு விஷயம்.

நம் வீடுகளில் அதிகம் பிழியப்படுவது சாத்துக்குடியும் எலுமிச்சையும்தான். இவற்றுக்கு இந்த இரண்டு பொறிகளுமே தேவையில்லை என்பது என் துணிபு. காரணம் செலவு மட்டுமன்று. சாத்துக்குடிச் சாற்றைச் சிறிது நேரம் வைத்திருந்தால் கசந்துவிடுவதை எல்லோரும் அறிவோம். பழத்தின் வெண்தோலிலும், சுளைகளைப் பிரிக்கும் சவ்வுகளிலும், விதைகளிலும் கசப்பில்லாத ஒரு பொருள் உள்ளது. அவை சிதைந்து சாற்றின் அமிலத்தோடு கலந்ததும் அது மெல்ல 'லிமோனின்' என்னும் கசப்புப் பொருளாக மாறுகிறது. பிழிந்தவுடன் இனித்த சாறு ஒரு மணி நேரத்திற்குப் பின் ஏமாற்றுவது இதனால்தான். மிக்ஸியின் கத்தி விதையை உடைக்கிறது. திருகோ வெண்தோலையும் சேர்த்துப் பிழிகிறது. விதையை உடைக்காமல், வெண்தோலைச் சுரண்டாமல் சுளையை மட்டும் அமுக்கும் கருவியே இங்குச் சிறந்தது. கூம்பு வடிவக் கண்ணாடிப் பிழிவானோ, இரு கைப்பிடி கொண்ட எலுமிச்சைப் பிழிவானோ போதும். பின்னது ஓர் இரண்டாம் வகை நெம்புகோல். கீலிலிருந்து பழம் 4 செ.மீ. தொலைவிலும் கை 16 செ.மீ. தொலைவிலும் இருந்தால் நம் விசை நான்கு மடங்காகிறது. மோட்டார், மின்சாரம், உத்தரவாத அட்டை எதுவும் வேண்டாம்.

கையை மறந்துவிட்டுப் பொறியைப் புகழ்வதற்கு அமெரிக்காவில் நடந்தது நல்ல எடுத்துக்காட்டு. ஜூஸெரோ என்னும் நிறுவனம், நறுக்கிய காய்கனிகள் அடைத்த பைகளைப் பிழிவதற்கென ஒரு பொறியை 400 டாலருக்கு விற்றது. தொடக்கத்தில் அதன் விலை 699 டாலர். பல டன் விசையுடன் அழுத்துவதாகப் பெருமை பேசப்பட்டது. 2017 ஏப்ரலில் புளூம்பெர்க் செய்தியாளர்கள் அந்தப் பைகளை வெறுங்கையால் பிழிந்து, ஏறத்தாழ அதே அளவு சாற்றை எடுத்துக் காட்டினர். அவ்வாண்டு செப்டம்பரில் நிறுவனம் விற்பனையை நிறுத்திவிட்டது. விசையின் அளவைச் சொன்னவர்கள், அவ்வளவு விசை எதற்கு என்பதைச் சொல்லவில்லை.

பொறி எதுவாயினும் அது செய்யும் வேலை ஒன்றே: கரைவதைக் கரையாததிலிருந்து பிரித்தல். சர்க்கரை கரையும், எனவே தம்ளருக்குள் வரும். நாரின் பெரும்பகுதி கரையாது. எனவே குப்பைக்குப் போகும். 200 மி.லி. ஆரஞ்சுச் சாற்றில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை உள்ளது. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பழச்சாற்றிலுள்ள சர்க்கரையையும் தேன், பாகு ஆகியவற்றிலுள்ள சர்க்கரையோடு ஒரே பட்டியலில்தான் சேர்த்துள்ளது. முழுப் பழத்தில் உள்ளதை அப்பட்டியலில் சேர்க்கவில்லை. நீரிழிவு உள்ள தந்தைக்காகக் கடன் வாங்கியாவது விலை உயர்ந்த பொறியை வாங்க நினைக்கும் மகனுக்கு இந்தச் செய்தியைக் கடைக்காரர் சொல்லமாட்டார். அவருக்கு ஒரு கொய்யாவை நறுக்கித் தட்டில் வைப்பது மேல். எவ்வளவு என்பதை மருத்துவர் கூறுவார். மெல்ல முடியாத முதியவருக்கு, ஏற்கெனவே வீட்டிலுள்ள மிக்ஸியில் பழத்தை அரைத்து வடிகட்டாமல் கொடுத்தால் நாராவது மிஞ்சும்.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்குவதென்று தீர்மானித்தவர்கள், கடையில் சாற்றைச் சுவைத்துப் பார்ப்பதோடு நில்லாமல் சக்கையை ஒரு பிடி அள்ளி, துணியில் வைத்து முறுக்கிப் பார்க்கட்டும். சொட்டினால் அந்தப் பொறியின் தரம் அவ்வளவுதான். அடுத்து, வலையைக் கழற்றிக் கழுவித் தருமாறு கேட்கலாம். எத்தனை நிமிடங்கள் ஆகின்றன என்று கடிகாரத்தைப் பார்க்கவும். வலைக்கண்ணில் காய்ந்த நாரைப் பல்துலக்கும் தூரிகையால் நோண்டி எடுப்பது எளிய வேலையன்று. பெரும்பாலான வீடுகளில் பொறியைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர், கழுவுபவர் வேறொருவர். பல பொறிகள் மூன்றே மாதங்களில் பரணுக்குப் போவதற்கு இதைத் தவிர வேறு காரணம் தேட வேண்டியதில்லை. அடிப்பாகத்திலுள்ள தகட்டையும் கையேட்டையும் படிக்கவும். தொடர்ந்து எத்தனை நிமிடம் ஓட்டலாம், பின் எவ்வளவு நேரம் ஓய்வு தர வேண்டும் என்பது அவற்றில் இருக்கும். மூடி பூட்டப்படாவிட்டால் ஓடாத அமைப்பு உள்ளதா என்பதையும் பார்க்கவும். மணிக்கு 226 கி.மீ. வேகத்தில் சுழலும் பல்லின் அருகே குழந்தையின் விரல் செல்லக்கூடாது.

காய்ச் சாறு குடிப்போருக்கு ஒரு சொல். சுரைக்காய், வெள்ளரி இனக் காய்களில் சில வேளைகளில் 'குக்கர்பிட்டசின்' என்னும் நச்சுப் பொருள் மிகுந்துவிடும். 2010-இல் டில்லியில் அறிவியலாளர் ஒருவர் கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து இறந்ததைத் தொடர்ந்து, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒரு வல்லுநர் குழுவை அமைத்தது. இந்த நச்சுக்கு முறிவு மருந்து இல்லை. பிழிவதற்கு முன் காயில் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். கசந்தால் உடனே துப்பிவிட்டு, காயை முழுவதுமாக எறிந்துவிட வேண்டும். மற்றச் சாறுகளோடு கலந்து பிழிந்தால் கசப்பு மறைந்துவிடும் என்பதால் சுரைக்காயைத் தனியாகவே பிழியவும். குடித்தபின் வயிற்று வலியோ வாந்தியோ கண்டால் வீட்டு வைத்தியம் பார்த்துக் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லவும்.