முகம் கிடைத்த நாயகர்கள்

சூப்பர் ஹீரோ காமிக்ஸுக்குள் வாசகரை அழைப்பது நாயகனின் சக்தி. அங்கேயே இருத்தி வைப்பது அவன் குணம். இதற்குச் சிங்கப்பூர் ஓவியர் சோனி லியூவின் படைப்புகளே போதுமான சான்று. 1944-இல் அமெரிக்காவில் சூ ஹிங் உருவாக்கிய கிரீன் டர்ட்டில், ‘பிளேஸிங் காமிக்ஸ்’ ஐந்து இதழ்களோடு மறைந்துபோனான். ஜப்பானியப் படையோடு அவன் மோதாத நாளில்லை. ஆனால் பெரும்பாலான கட்டங்களில் அவன் முகமே தெரியாது. யார் இவன், எதற்கு அஞ்சுவான் என்று அறிய வழியில்லாத வாசகர்கள் அவனை மறந்ததில் வியப்பில்லை. 2014-இல் ஜீன் லுவென் யாங் எழுத, லியூ வரைந்த ‘தி ஷேடோ ஹீரோ’ அவனுக்கு ஹாங்க் என்ற பெயரைத் தந்தது. மளிகைக்கடைக்கார அப்பாவையும், மகனைச் சூப்பர் ஹீரோவாக்கியே தீருவேன் என்று நிற்கும் அம்மாவையும் தந்தது. ஹாங்குக்கோ அப்பாவைப் போல் கடையில் உட்கார்ந்தால் போதும். அந்த அம்மாவின் பிடிவாதத்தில்தான் கதை நகர்கிறது. அப்பா கொலையுண்ட பிறகு அதே பிடிவாதம் அவளையே சுடுகிறது. சண்டைக் காட்சிகளைவிட இதுவே நெஞ்சில் தங்குகிறது.

குடும்பக் கதைதான் வேண்டுமென்றால் நாவல் படிக்கலாமே, முகமூடி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஹாங்கின் சக்தியைப் பாருங்கள்: துப்பாக்கிக் குண்டு அவன்மேல் படாது, அவ்வளவுதான். குத்தும் உதையும் எல்லோரையும்போல அவனுக்கும் வலிக்கும். சக்திக்கு எல்லை வகுத்ததால் ஒவ்வொரு மோதலிலும் அவன் துணிவு சோதிக்கப்படுகிறது. இந்தச் சோதனையைச் சாதாரணக் குடும்ப நாவலில் வைக்க முடியாது. சிறுவர்களுக்குச் சண்டை போதும், மனம் எதற்கு என்பது இன்னொரு மறுப்பு. 1972-இல் முத்து காமிக்ஸ் தமிழுக்குக் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவி அதற்குப் பதில். கையிழந்த ஆய்வக உதவியாளன். மின்சாரம் பாய்ந்தால் மறையும் ஆற்றலை முதலில் குற்றத்துக்கே பயன்படுத்தியவன், பின்னர் உளவாளியாக மாறியவன். சிறுவர்களாக அவனைக் கொண்டாடியவர்கள் நடுவயதிலும் அவனைப் பற்றிப் பேசுகிறார்கள்.

லியூவின் ‘சார்லி சான் ஹாக் சாய்’ (2015) இன்னும் துணிச்சலானது. 2016-இல் சிங்கப்பூர் இலக்கியப் பரிசும், 2017-இல் மூன்று ஐஸ்னர் விருதுகளும் பெற்ற அந்நூலில், கற்பனை ஓவியர் ஒருவர் வரைந்ததாக வரும் ரோச்மேன், கரப்பான்பூச்சி கடித்துச் சக்தி பெற்ற மலவாளித் தொழிலாளி. சிராங்கூன் சாலைக் கடைவீடுகளின் பின்சந்துகளை அறிந்தவர்களுக்கு அவன் அந்நியனல்ல. வாளிக் கக்கூஸ்கள் இங்கே 1987 வரை இருந்தன. நகராட்சித் துப்புரவு வேலையில் தமிழர் உழைப்பு பெரிது என்பதால் இப்பாத்திரம் நமக்குக் கூடுதலாகவே நெருக்கமானது. அப்படியொரு உழைப்பாளியை நடுவில் நிறுத்தி, லிட்டில் இந்தியாவின் சந்துகளில் நடக்கும் தமிழ்க் காமிக்ஸை நம் எழுத்தாளரும் ஓவியரும் சேர்ந்து படைக்க வேண்டும்.