தூரிகைக்குள் ஒளிந்திருக்கும் உளி: சீன அச்சோவியத்தை எப்படி ரசிப்பது?

சீன மை ஓவியத்தில் திருத்தம் கிடையாது. தூரிகை பட்ட கணமே தாள் மையைக் குடித்துவிடும். அச்சுக்கலையோ ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப எடுப்பதற்கென்றே பிறந்தது. அதனால் இன்றைய சீனக் கலைஞர்கள் இரண்டையும் கலக்கும்போது, ஒட்டாத இரண்டை ஒட்டவைக்கிறார்கள் என்று நினைக்கத் தோன்றும். அந்த எண்ணத்தைக் கண்காட்சி வாசலிலேயே விட்டுவிடுங்கள். இந்த உறவுக்கு வயது ஏறக்குறைய நானூறு.

1633-ல் நான்ஜிங் நகரில் ஹூ ஜெங்யான் ‘பத்து மூங்கில் கூடம்’ என்ற ஓவிய நூலை வெளியிட்டார். நிறத்துக்கொரு கட்டை செதுக்கி, எண்ணெய் கலக்காத நீர்வண்ணத்தைத் தடவி, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்ட நூல் அது. 1679-ல் ‘கடுகு விதைத் தோட்டம்’ நூலின் முதல் பகுதி வந்தது. பாறைக்கு எப்படிக் கோடு இழுப்பது, இலையை எப்படிக் கொத்தாக வைப்பது என்று சொல்லித்தரும் பாடநூல் இது. சி பைஷி இளமையில் தச்சராக இருந்தபோது இந்நூலை இரவல் வாங்கி, பக்கம் பக்கமாக நகலெடுத்துத்தான் ஓவியம் பழகினார். இருபதாம் நூற்றாண்டின் மாபெரும் மை ஓவியர்களில் ஒருவர் அவர். ஆக, உளி வெட்டிய கோட்டைப் பார்த்தே பல தலைமுறைகள் தூரிகை பிடிக்கக் கற்றன.

இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு இன்றைய சீனக் கலைஞர் ஷூ பிங் 2010-ல் செய்த ‘கடுகு விதைத் தோட்ட நிலக்காட்சிச் சுருளை’ப் பாருங்கள். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் கண்காட்சிக்காக உருவானது. அந்தப் பாடநூலின் மரங்கள், பாறைகள், குடில்கள், மனிதர்களின் படங்களை நகலெடுத்து வெட்டி, ஒட்டி, ஒரே நீண்ட நிலக்காட்சியாக்கினார். பிறகு அதைக் கட்டையில் செதுக்கி அச்சிட்டுச் சுருளாக்கினார்கள். சீனச் சுருளை வலமிருந்து இடமாகப் பார்ப்பதே மரபு, அப்படியே தொடங்குங்கள். ஓர் ஆற்றங்கரையில் நுழைந்து மலை ஏறுவதுபோல் கண் போகும். அரைச்சுருள் வந்ததும் நின்று, ஒரே ஒரு மரத்தை மட்டும் பாருங்கள். அது எந்த ஊரிலும் நின்ற மரமல்ல, பாடநூலின் ஒரு பாடம். பக்கத்துப் பாறை இன்னொரு பாடம். எல்லாப் பாடங்களும் சேர்ந்து ஒரு நாடாக விரிகின்றன. மரபு என்பது பார்த்துப் பார்த்து நகலெடுத்த பாடங்களின் தொகுப்பு என்று விளக்க எத்தனையோ கட்டுரைகள் வேண்டியிருக்கும். இந்தச் சுருள் அதைக் கண்முன் காட்டிவிடுகிறது.

படியெடுப்பதும் ஒருவகை அச்சுதான். இதே ஷூ பிங் 1990-ல் சீனப் பெருஞ்சுவரின் ஜின்ஷான்லிங் பகுதியில் தாளை ஒட்டி, மை ஒற்றி, சுவரையே படியெடுத்தார். நம் கல்வெட்டு ஆய்வாளர்கள் மைப்படி எடுக்கும் முறைதான். அதில் கலைஞரின் கைக்கோட்டைத் தேடாதீர்கள். செங்கல்லின் சொரசொரப்பைத் தேடுங்கள்.

அடுத்து நீரச்சு, அதாவது ‘பத்து மூங்கில் கூடம்’ நூலைப் போல எண்ணெய் கலக்காத நீர்வண்ணத்தால் அச்சிடும் முறை. மேசையின் ஒருபுறம் கட்டையை அசையாமல் பதித்து, மறுபுறம் தாள் அடுக்கை இறுக்கிக் கட்டுவார்கள். ஈரப்பதம் உள்ள தாளை ஒவ்வொன்றாகக் கட்டைமேல் விரித்து, நார்த் தேய்ப்பானால் முதுகில் தேய்ப்பார்கள். அச்சான தாள் மேசையின் நடு இடைவெளியில் தொங்கும். ஈரம் கூடினால் நிறம் பரவிவிடும், குறைந்தால் ஏறாது. இந்த முறையில் எடுத்த படத்தில் முதலில் பார்க்க வேண்டியது விளிம்பு. உளி விட்ட விளிம்பு கூராக நிற்கும். நீர் விட்ட விளிம்பு தாளுக்குள் மெல்லக் கரையும். ஒரே படத்தில் இரண்டும் எங்கெங்கே என்று கண்டுபிடிப்பதே பாதி ரசனை. பிறகு பக்கவாட்டில் நின்று பாருங்கள். எண்ணெய் மை என்றால் மேற்பரப்பில் படலமாக மினுங்கும். நீர்வண்ணம் தாளின் நாருக்குள் இறங்கிவிடுவதால் பளபளப்பு இருக்காது.

பெய்ஜிங்கின் ரோங்பாவ்ஜாய் கூடம் இம்முறையில் ‘ஹான் சிசாயின் இரவு விருந்து’ என்ற பழைய ஓவியத்தை மறுபடைப்புச் செய்ய 1,667 கட்டைகளைச் செதுக்கியது. அந்தத் திறமை மலைக்க வைக்கிறது. ஆனாலும் அங்கே உளி தன்னை முற்றிலும் மறைத்துக்கொள்கிறது. 1963-ல் நான்ஜிங்கில் பிறந்த சென் சியின் பெரிய நீர்ப்பரப்பு அச்சுகள்தான் என்னை அதிகம் ஈர்க்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் அலையும் ஒளியும். கிட்டே போனால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சாம்பல் நிறங்கள். நீரை நீராலேயே அச்சிட்டிருக்கிறார், உளியின் கூர்மையையும் மறைக்கவில்லை. மறுபடைப்பு மரபின் கருவியைக் கையில் எடுத்து, யாரையும் நகலெடுக்காமல் நிற்கும் துணிவு அது.

இவற்றைப் பார்க்கப் பெய்ஜிங்கோ பாஸ்டனோ போக வாய்ப்பில்லாதவர்கள் வேரிலிருந்து தொடங்கலாம். ‘பத்து மூங்கில் கூடம்’ நூலின் அரிய படி ஒன்றைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகம் தன் மின்னூலகத்தில் இலவசமாகப் பார்வைக்கு வைத்திருக்கிறது. பழங்கள் பகுதியைத் திறந்து ஒரு படத்தை நன்றாகப் பெரிதாக்கி, நிறம் அடர்ந்தும் வெளிறியும் போகும் இடத்தில் கண்ணை நிறுத்துங்கள். அங்கே தூரிகையே படவில்லை. எல்லாம் கட்டையும் ஈரமும் செய்த வேலை.