தொஸ்தோயெவ்ஸ்கியின் வினாவும் விடையும்

நாவலாசிரியன் ஒருவனது வாழ்க்கையை அறிந்தால் அவனது நூலையும் அறிந்துவிடலாமென்று கருதுவோர் உளர். அவன் தழுவிய தத்துவத்தையே நூலின் திறவுகோலாகக் கொள்வோரும் உளர். ருஷ்ய நாவலாசிரியரான பியோதர் தொஸ்தோயெவ்ஸ்கியின் (1821–1881) படைப்புக்களை நோக்குமிடத்து, இவ்விரு கொள்கைகளும் நிறைவுடையன அல்ல என்பது புலனாகும்.

பிரெஞ்சுச் சமதர்மக் கருத்துக்களை ஆராய்ந்த குழுவொன்றிற் சேர்ந்தமையால் 1849ஆம் ஆண்டிற் கைதான அவர், அவ்வாண்டு டிசம்பரிற் கொலைக்களத்தில் நிறுத்தப்பட்டார். துப்பாக்கிகள் குறிபார்த்து நின்ற வேளையில், மரணதண்டனை சைபீரியச் சிறைவாசமாக மாற்றப்பட்டது. ஒம்ஸ்க் சிறையில் நான்கு ஆண்டுகள் கழிந்தன. அங்கு அவருக்குத் துணையாயிருந்த நூல் புதிய ஏற்பாடு ஆகும். அறிவார்ந்த சமுதாயத் திட்டத்தால் மனிதனைத் திருத்திவிடலாமென்ற இளமை நம்பிக்கை அவ்வாண்டுகளில் தளர்ந்தது. 1864இல் வெளிவந்த 'நிலவறைக் குறிப்புகள்', தன்னலத்துக்கு மாறாகவேனும் தன் விருப்பின்படி நடக்கத் துணியும் மனிதனைக் காட்டி, செர்னிஷெவ்ஸ்கியின் பகுத்தறிவுத் தன்னலக் கோட்பாட்டை மறுக்கின்றது.

எனினும், மறுப்பு மட்டும் கலையாகிவிடாது. 1878 மே மாதத்தில், மூன்று வயது நிரம்பாத மகன் அலெக்சி வலிப்பினால் இறந்தான். துயருற்ற தந்தை, தத்துவஞானி சொலவியோவுடன் ஒப்தினா மடாலயஞ் சென்று துறவி அம்புரோசைக் கண்டார். அடுத்த ஆண்டு வெளிவரத் தொடங்கிய 'கரமசோவ் சகோதரர்' நாவலில், அலெக்சி என்னும் மைந்தனை இழந்த ஏழைத் தாய்க்குத் துறவி சோசிமா ஆறுதல் கூறுகின்றார். இங்கே வாழ்வு அவ்வாறே நூலுட் புகுந்துள்ளது.

ஆயின் அந்நூலிலேயே இவான், குழந்தைகளின் கண்ணீரை விலையாகக் கொடுத்துப் பெறும் உலக நல்லிணக்கம் தனக்கு வேண்டாமென வாதிடுகின்றான். ஆசிரியரின் சமய நம்பிக்கையை நேர்நின்று தாக்கும் அவ்வாதத்தை, மகனை இழந்த அவரே முழு வலிமையுடன் எழுதினார். அதற்கு விடையாக அவர் அமைத்தது எதிர்வாதமன்று. சோசிமாவின் வாழ்க்கை வரலாறேயாகும். அவ்விடை போதுமா என்பதை வாசகரே தீர்மானிக்க வேண்டியிருக்கின்றது.

இவ்வேறுபாட்டை அவரது 'எழுத்தாளனின் நாட்குறிப்பு' தெளிவாக்கும். அதே வாழ்க்கையும் அதே கொள்கைகளும் அதற்கும் மூலமாயின. ஆயினும், எதிர்க்குரலுக்கு இடமளியாத அதன் அரசியற் கட்டுரைகளில் இனவெறுப்பும் நாட்டுச் செருக்கும் தலைதூக்குகின்றன. ஆகவே, வாழ்வும் தத்துவமும் நாவலுக்குப் பொருளை நல்குவன. தான் நம்பியதைத் தானே சோதனைக்குள்ளாக்கும் நேர்மையே அப்பொருளைக் கலையாக்குவது.