நீதிநெறி விளக்கத்தில் வேந்தன் செவி

தாமிரவருணிக் கரையிலுள்ள ஸ்ரீவைகுண்டத்தில் தோன்றிய குமரகுருபரர், திருமலை நாயக்கர் (1623-1659) வேண்டுகோட்கு இணங்கி நீதிநெறி விளக்கத்தைப் பாடினார் என்பது வழிவழி வரும் செய்தி. இந்நூலைத் திருக்குறளின் சுருக்கம் என்று கூறி அமைவாரும் உளர். அக்கூற்று முற்றும் பொருந்துமா என்பதனை, தந்நலம் கருதி ஆட்சியாளரை அணுகுவார் பற்றிய வெண்பாக்களைக் கொண்டு ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இடித்துரைப்பார் வேண்டும் என்பதும், செவி கைக்கும் சொல்லை வேந்தன் பொறுத்தல் வேண்டும் என்பதும் வள்ளுவர் வகுத்த நெறிகளே. மதங்கொண்ட யானையை அஞ்சாது நடத்தும் பாகனோடு அமைச்சனை ஒப்பிட்டு, குமரகுருபரரும் அதனை வழிமொழிகின்றார். ஆயின் அவர் அவ்வளவில் நில்லாது மேலும் ஓர் அடி செல்கின்றார். பிறர் வந்து கூறுவனவற்றுள் குற்றத்தை நீக்கிக் கொள்வதே வேந்தனுக்கு அறிவு என்பர். காக்கையை வெள்ளையென நேர்நின்று சாதிப்பார் வேறு எதனைத்தான் சொல்லார் என வினவுவர். தாயைக் கொல்லுதலும் சால்பே என்பார் உண்டு என எச்சரிப்பர். யார்வாய்க் கேட்பினும் மெய்ப்பொருள் காண்டலை வள்ளுவர் அறிவுடைமையில் பொதுவாக வைத்தார். குமரகுருபரர் அதனை அரசனுக்குரிய தனிக்கடமையாக்கினார். கசக்கும் மெய்யைப் பொறுத்தலினும் இனிக்கும் பொய்யைச் சலித்தல் அரிது என்பதனை, அரசவையை நேரிற் கண்ட புலவர் உணர்ந்திருத்தல் இயல்பே.

செல்வர்க்கும் வறியவர்க்கும் வேந்தன் ஒருநிகராதல் வேண்டும் என்னும் வெண்பா இந்நூலின் நடுநாடியாகும். முறை பிறழின், ஒருபக்கம் நீரும் ஒருபக்கம் பாலும் ஒழுகுவதனை அது போலும் என்பது உவமை. ஊற்று ஒன்றே, பகிர்வே வேறு என்பதனால் அநீதியின் இயல்பு இவ்வுவமையில் நன்கு விளங்குகின்றது.

இனி, இந்நூலுள் ஒரு முரணும் உண்டு. மன்னர் வாயிலில் நெடுநாள் காத்து நின்று பயன் காணாதார் அதனை இகழற்க என்றும், அக்காத்திருப்பு இறுதியில் பெரும்பயன் தரும் என்றும் ஒரு வெண்பா கூறுகின்றது. வேந்தனிடம் சலித்துக் கேள் என்னும் புலவர், நயப்பார் சார்பில் நின்று பொறுத்திரு என்கின்றார். வாயிலில் நிற்பதற்கும் காலமும் பொருளும் வேண்டும். அவை உடையாரே இறுதிவரை நிற்பர். அவ்வழி, பாலும் நீரும் பிரியும் இடம் அவ்வாயிலே ஆகின்றது. இதனை நூல் காணவில்லை. சலிக்கும் பொறுப்பு முழுவதையும் ஒருவன் செவியில் வைத்தமையே இக்குறைக்குக் காரணம் எனலாம்.

இக்குறை பழங்கதையன்று. புலவர் பிறந்த ஊரிலேயே தாமிரவருணியின் கடைசி அணைக்கட்டு நிற்கின்றது. 1873-ல் முடிவுற்ற அதன் வடகாலும் தென்காலும் நெல்லும் வாழையும் விளையும் வயல்களுக்கு நீர் தருகின்றன. தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்கென நாளொன்றுக்கு 20 மில்லியன் கேலன் நீர் கொண்டுசெல்ல வகுத்த திட்டத்தை உழவர் எதிர்த்தனர். இருசாராரும் அரசின் வாயிலில் நின்றோரே. வேண்டுதல் குற்றமன்று, இருவர் சொல்லும் ஒரே வழியால் செவியை அடைந்தனவா என்பதே வினா.

தேர்தற் செலவும் இவ்வாயிலின் ஒரு கதவே. கொடுத்தவர் பெயரை மக்கள் அறியாவண்ணம் கட்சிகளுக்குப் பொருள் சேர்த்த தேர்தல் பத்திரத் திட்டம் 2018-ல் நடைமுறைக்கு வந்தது. அது அரசியலமைப்புக்கு முரணானது என்று உச்சநீதிமன்றம் 15-2-2024-ல் தீர்ப்பளித்தது. வாக்காளரின் அறியும் உரிமையே அத்தீர்ப்பின் அடிப்படை. குமரகுருபரர் வேந்தன் ஒருவனுக்கு உரைத்த சலித்தற் கடமை, குடியாட்சியில் குடிகள் யாவர்க்கும் உரியதாகின்றது. வாயிலில் நிற்பவர் யாவர் என அறியாதார்க்கு அக்கடமையைச் செய்தல் இயலாது.

ஆகவே நீதிநெறி விளக்கம் குறளின் வெறுஞ்சுருக்கமன்று என்பதும், ஆட்சியின் செவியை அறத்தின் வாயிலாகக் கண்ட நூல் என்பதும் பெறப்படும். அதன் குறையைக் குறையென்று கூறுதல் புலவரை இழித்தலாகாது; இடித்துரைத்தலைப் போற்றிய அவர்க்கு அதுவே உரிய வழிபாடாகும்.