காதலும் நகையும் பிழைப்பும்

காதல் நகைச்சுவைத் திரைப்படங்களைக் கற்றோர் பெரும்பாலும் திறனாய்வுக்கு உரியனவாகக் கருதுவதில்லை. பொழுதுபோக்கு என்ற ஒற்றைச் சொல்லால் அவற்றை ஒதுக்கிவிட்டு, கண்ணீர்க் கதைகளையும் சீர்திருத்தக் கதைகளையும் மட்டுமே ஆராய முற்படுகின்றனர். ஆயின், தலைமுறை கடந்தும் மக்கள் மனத்தில் நிலைபெற்ற படங்களுள் சிரிக்க வைத்த காதற்கதைகள் சில தவறாமல் இடம்பெறுகின்றன. 1964-இல் ஸ்ரீதர் இயக்கிய 'காதலிக்க நேரமில்லை' அறுபது ஆண்டுகள் கடந்த பின்னும் விரும்பிப் பார்க்கப்படுகிறது. இக்கவர்ச்சிக்குக் காரணம் யாது? நாகேஷின் நடிப்பும், பாலையாவின் முகபாவமும், விசுவநாதன் - இராமமூர்த்தியின் இசையும் காரணங்களே. எனினும் இவற்றினும் ஆழமான காரணம் ஒன்று உண்டு. அதைக் காண்பதற்குக் கிள்ளான் போன்ற தோட்டப்புறத் தமிழர் வட்டாரம் பொருத்தமான இடமாகும்.

நகைக்கும் உவகைக்கும் இடையில்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலிலும் உவகையை இறுதியிலும் வைக்கிறது. இகழ்ச்சி, இளமை, அறிவின்மை, கொண்டதை விடாமை ஆகிய நான்கும் நகை பிறக்கும் இடங்கள். காதல் நகைச்சுவைப் படங்களில் இந்நான்கும் நிரம்பியிருப்பது கண்கூடு. உவகை பிறக்கும் இடங்களுள் காதலர் கூட்டத்தோடு செல்வத்தையும் சேர்த்தே எண்ணினார் தொல்காப்பியர் என்பது கருதத்தக்கது. ஆக, நகையில் தொடங்கி உவகையில் முடிவது இவ்வகைப் படத்தின் இயல்பு எனலாம்.

ஆனால் இவ்விரண்டிற்கும் இடையே மற்றொரு மெய்ப்பாடு மறைந்து நிற்கிறது. அஃது இளிவரல். அதற்குரிய காரணங்களுள் ஒன்றாகிய மென்மை என்பதற்கு வறுமை என்று உரையாசிரியர் பொருள் கூறுவர். பொருளில்லாதவன் பிறர் முன் கூனிக் குறுகி நிற்கும் நிலையே தமிழ்க் காதல் நகைச்சுவையின் வித்து. காதலுக்கு முன்னே வயிறு வருகிறது; வயிற்றுக்காகச் சொன்ன பொய்யிலிருந்தே காதல் முளைக்கிறது.

1955-இல் எல். வி. பிரசாத் இயக்கத்தில் வந்த 'மிஸ்ஸியம்மா' இதற்கு நல்ல சான்று. வேலையற்ற இளைஞன் ஒருவனும், வேலை தேடும் கிறித்துவப் பெண் ஒருத்தியும் ஒரு பள்ளியில் ஆசிரியர் பணி பெறுவதற்காகக் கணவன் மனைவியாக நடிக்கின்றனர். பள்ளி உரிமையாளர் மணமான இணையரையே வேலைக்கு வேண்டும் என்று கேட்டதே அப்பொய்க்குக் காரணம். ஜெமினி கணேசனும் சாவித்திரியும் நடித்த அப்படத்தில் காதல் தேடப்பட்ட பொருளன்று; வேலை தேடப் போன இடத்தில் கிடைத்த பொருள்.

1981-இல் கே. பாலசந்தர் இயக்கிய 'தில்லு முல்லு' இந்தியில் வந்த 'கோல்மால்' படத்தின் தழுவல். அதிலும் கதை வேலைக்கான நேர்முகத்தில்தான் தொடங்குகிறது. மீசையைக் கொண்டே ஒருவனுடைய குணத்தை எடைபோடும் முதலாளிக்காக இளைஞன் வேடம் பூணுகிறான். அகப்பட்டுக்கொள்ளும் நிலையில் மீசையில்லாத இரட்டைச் சகோதரன் ஒருவனைக் கற்பிக்கிறான். அந்த இல்லாத சகோதரனையே முதலாளியின் மகள் காதலிக்கிறாள்.

இந்நிலை தமிழ்ப் படங்களுக்கு மட்டும் உரியதன்று. 1957-இல் பி. ரம்லி சிங்கப்பூரில் உருவாக்கிய 'பூஜாங் லாப்போக்' என்னும் மலாய்ப் படத்தில் ஒரே வாடகை வீட்டில் குடியிருக்கும் மணமாகா ஆடவர் மூவர் காதலுக்கும் கைப்பொருளுக்கும் இடையே தத்தளிக்கின்றனர். ஒரே மண்ணில் அடுத்தடுத்து வாழ்ந்த இரு இனத்தாரும் ஒரே குறையை நினைத்துச் சிரித்தனர் என்பது இதனால் விளங்கும்.

'அன்பே வா' (1966) இதற்கு மறுதலை. அதில் செல்வன் ஒருவன் தன் சொந்த மாளிகையிலேயே வாடகைக்குத் தங்கி, தன்னை யாரென்று காட்டிக்கொள்ளாமல் காதலிக்கிறான். செல்வன் தன்னைக் குறைத்துச் சொல்லும் பொய் விளையாட்டு. வறியவன் தன்னைக் கூட்டிச் சொல்லும் பொய் பிழைப்பு. முன்னது அகப்பட்டால் செல்வனுக்கு இழப்பில்லை. பின்னது அகப்பட்டால் வேலையும் போகும், காதலும் போகும். எனவே பின்னதில் பிறக்கும் சிரிப்பில் ஒரு நடுக்கமும் கலந்திருக்கிறது.

தோட்டத்து முதலாளியும் கூடாரமும்

'காதலிக்க நேரமில்லை' படத்தின் கதை நிகழ்வது ஒரு தோட்டத்தில். முதலாளி விசுவநாதன் தம் பெண்களுக்குப் பணக்கார மாப்பிள்ளை தேடுபவர். அவரிடம் பணிபுரியும் அசோக், முதலாளியின் மகளிரோடு ஏற்பட்ட பூசலால் வேலையிழக்கிறான். வேலையிழந்தவன் ஊரைவிட்டுப் போகவில்லை. முதலாளியின் வீட்டெதிரே கூடாரமடித்து, வேலை கொடு என்று ஆடிப் பாடுகிறான். பின்னர், தான் பெருஞ்செல்வரின் மகன் என்று பொய்யுரைக்கிறான். அவன் நண்பன் வாசு நரைமுடி சூடி அச்செல்வராக நடிக்கிறான். அசோக்காக அறிமுகமான இரவிச்சந்திரன் கோலாலம்பூரில் பிறந்து, பின்னர் திருச்சிக்குச் சென்று கல்வி பயின்றவர் என்பது மலேசியத் தமிழர் நினைவில் கொள்ளத்தக்க செய்தி.

வேலை நீக்கப்பட்டவன் தோட்ட முதலாளியின் வாயிலில் நின்று பாடும் காட்சி சென்னைப் பார்வையாளனுக்கு வெறும் குறும்பாகத் தோன்றலாம். கிள்ளான் வட்டாரத்துத் தமிழனுக்கு அது வேறு பொருள் தரும். 1941-இல் இவ்வட்டாரத் தோட்டத் தொழிலாளர் ஆர். எச். நாதன் போன்றோர் தலைமையில் வேலை நிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளுள், துரைமாரைக் கண்டால் மிதிவண்டியை விட்டு இறங்க வேண்டிய கட்டாயம் ஒழிய வேண்டும் என்பதும் ஒன்று. அப்போராட்டம் படைபலத்தால் ஒடுக்கப்பட்டது, உயிர்களும் பலியாயின. மிதிவண்டியில் அமர்ந்தபடி துரையைக் கடந்து செல்வதே போராட்டமாக இருந்த மண்ணில், முதலாளியின் வாயிலில் ஒருவன் ஆடிப் பாடுவது எளிய செயலன்று.

அப்படம் வந்த காலமும் கருதத்தக்கது. பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு, தொழிலாளர் குடும்பங்கள் வேலையும் வீடும் ஒருசேர இழந்த காலம் அது. அத்துயரைத் தடுக்கவே தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் 1960-இல் தோன்றியது. 1969-க்குப் பின் வேலை அனுமதிச் சட்டத்தால் சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தோர் பலர் பிழைப்பிழந்தனர். தமிழகத்திற்குத் திரும்பியோரும் பலர். திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டிய அந்நாள்களில், வேலை நீக்கம் என்ற சொல் எந்த லயத்துக்கும் புதியதன்று. அச்சொல்லைக் கேட்டும் சிரிக்க முடிந்த இடம் திரையரங்கு ஒன்றே. அச்சுறுத்தும் ஒன்றை மூன்று மணிநேரம் சிறியதாக்கிக் காட்டியதே இப்படங்களின் பெருங்கவர்ச்சி எனக் கருத இடமுண்டு.

மேலும், இப்படங்களில் முதலாளி தோற்கிறார், ஆனால் இழிவுபடுத்தப்படுவதில்லை. சங்க அகப்பாடல்களில் தோழி உண்மையை உரைத்து, அறத்தொடு நின்று, களவை மணத்தில் சேர்ப்பாள். இங்கோ தோழன் பொய்யுரைத்துச் சேர்க்கிறான். வழி வேறாயினும், பெற்றோரும் உடனிருக்க மணம் நிகழ வேண்டும் என்னும் விருப்பம் ஒன்றே. வீட்டில் தந்தைக்கும் வெளியில் கங்காணிக்கும் கிராணிக்கும் அடங்கி வாழ்ந்தவர்களுக்கு, எதிர்த்தும் உறவு முறியாத உலகம் ஒன்று திரையில் கிடைத்தது.

அவிழாத முடிச்சுகள்

சிறப்பைக் கூறியவிடத்துக் குறையையும் கூறுதல் திறனாய்வின் கடமை. இப்படங்கள் முடிச்சை அவிழ்ப்பதில்லை, மறைத்துவிடுகின்றன. மிஸ்ஸியம்மாவில் மத வேறுபாடு இறுதியில் தடையாகவில்லை. ஏனெனில் மேரி என்பவள் காணாமற்போன பள்ளி உரிமையாளரின் மகளே என்பது தெரியவருகிறது. வேறுபட்ட இருவர் மணந்தனர் என்பதைவிட, வேறுபாடே இருந்ததில்லை என்பதே முடிவாகிறது. சாதி என்னும் தடையோ பெரும்பாலான படங்களில் பேசப்படுவதே இல்லை. பெண்ணைப் பின்தொடர்ந்து கேலி செய்தால் அவள் மனம் இளகும் என்ற தவறான பாடமும் இவற்றின் வழி இளைஞர்க்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

எல்லாவற்றிலும் பெரிய குறை ஒன்றுண்டு. 'காதலிக்க நேரமில்லை' தோட்டத்தில் நிகழும் கதை. ஆயின் தோட்டத் தொழிலாளிக்கு அக்கதையில் இடமில்லை. முதலாளியை எதிர்க்க உரிமை பெற்றவன் படித்த இளைஞன் மட்டுமே. பால்மரம் சீவியவன் தனக்கு இடமில்லாத தோட்டம் ஒன்றைப் பார்த்து, பிறனுக்காக மகிழ்ந்தான். அவனுடைய காதலையும் கேலியையும் எடுத்துரைக்கும் கடமை மலேசிய எழுத்தாளர்க்கே எஞ்சி நின்றது.

இடம் மாறிய பொய்

இன்று கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. படம் கைப்பேசிக்கே வந்துவிட்டது. பொய்யும் இடம் மாறியிருக்கிறது. 2022-இல் வந்த 'லவ் டுடே' படத்தில் பெண்ணின் தந்தை காதலர் இருவரையும் ஒரு நாள் கைப்பேசியை மாற்றிக்கொள்ளச் சொல்கிறார். முன்பு காதலர் இணைந்து தந்தையிடம் மறைத்தனர்; இங்கே காதலர் ஒருவரிடமிருந்து ஒருவர் மறைத்தது வெளிப்படுகிறது. தந்தை ஏமாறுபவர் என்ற நிலை மாறித் தேர்வாளராகிவிட்டார். வேலையைப் பற்றிய அச்சம் பின்னே தள்ளப்பட, நம்பிக்கையைப் பற்றிய அச்சம் முன்னே வந்து நிற்கிறது.

ஆசிரியர்கள் இப்படங்களைப் பழித்து ஒதுக்குவதால் மாணவர் பார்ப்பதை நிறுத்தப்போவதில்லை. பார்த்ததைப் பற்றி ஆசிரியரிடம் பேசுவதை மட்டுமே நிறுத்துவர். அதனினும் வகுப்பில் ஒரு வினா எழுப்புதல் நன்று. அசோக் உண்மையைச் சொல்லியிருந்தால் அவனுக்கு அப்பெண் கிடைத்திருப்பாளா? குற்றமற்ற நன்மை தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்ற வள்ளுவர் கருத்து இப்பொய்க்குப் பொருந்துமா? இவ்வினாவுக்கு விடை தேடும் மாணவன் குறளையும் கற்பான், படத்தையும் கற்பான். கிடைத்திருக்கமாட்டாள் என்று அவன் விடை சொன்னால், குற்றம் பொய் சொன்னவனிடம் மட்டும் இல்லை என்பதையும், உண்மையைச் சொல்வதற்கு இடங்கொடாத உலகம் எத்தகையது என்பதையும் அவன் தானே உணர்ந்துகொள்வான்.