அச்சுக்கு நூற்றுக்கு நூறு, மெயிலுக்கு முட்டை

நிமிடத்துக்கு எத்தனை பக்கம், ஒரு டோனர் எத்தனை நாள் வரும் என்பதெல்லாம் விற்பவர் தரும் தாளிலேயே இருக்கிறது. அதில் பொய்யும் இல்லை. ஓசூர் சிப்காட்டில் எங்கள் பட்டறை அலுவலகத்துக்கு வந்திருக்கும் இந்த ரீகண்டிஷன் மல்டிஃபங்ஷன் மிஷின், ஜாப் ஒர்க் சலானை மூன்று படியாக மளமளவென்று தள்ளுகிறது. டிராயிங்கில் மெல்லிய கோடுகூட விடுபடுவதில்லை. ஜெராக்ஸுக்கும் பிரிண்டுக்கும் முழு மார்க் போட்டுவிட்டேன்.

வில்லங்கம் எல்லாம் ‘ஸ்கேன் டு ஈமெயில்’ பொத்தானில்தான். எங்களுக்கு அது ஆடம்பரம் இல்லை. வண்டி ஜூஜுவாடி, அத்திப்பள்ளி தாண்டி பொம்மசந்திரா கம்பெனி கேட்டில் நிற்கும்போது, இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டும் மெட்டீரியல் சர்டிஃபிகேட்டும் அவர்களுடைய மெயிலில் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் சரக்கு இறங்காது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து எல்லையில் வரிச் சோதனைச் சாவடி போனது. 2018 ஏப்ரலில் இ-வே பில் வந்தது. ரோட்டில் காத்திருப்பு குறைந்தது, கேட்டில் கேட்கும் காகிதம் மட்டும் குறையவேயில்லை.

இந்த மிஷினோ ‘அனுப்ப இயலவில்லை’ என்று சொல்லி ஒரு எண்ணைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கிறது. கேபிள் கழன்றாலும், பாஸ்வேர்டு தப்பானாலும் அதே எண்தான். மேனுவலைப் புரட்டினால் ‘அட்மினிஸ்ட்ரேட்டரை அணுகவும்’ என்கிறது. எங்கள் அட்மினிஸ்ட்ரேட்டர், ஸ்டோர்ஸையும் சேர்த்துப் பார்க்கும் பையன். சர்வீஸ் ஆளைக் கேட்டால் ‘நெட் பிராப்ளம் சார்’. நெட்காரரைக் கேட்டால் ‘மிஷின் பிராப்ளம் சார்’. தமிழ், தெலுங்கு, கன்னடம் எதில் கேட்டாலும் இந்தப் பதில் மாறவில்லை.

ஆகவே நாமே துப்பறிய வேண்டியதுதான். முதலில் நெட்வொர்க் ரிப்போர்ட்டை அச்சடியுங்கள். ஐபி 169.254 என்று தொடங்கினால் ரூட்டரிடமிருந்து முகவரியே வரவில்லை என்று அர்த்தம். கேபிளையும் ஸ்விட்சையும் பாருங்கள். பிரிண்ட் வருகிறது, மெயில் மட்டும் போகவில்லை என்றால் கேட்வேயையும் டிஎன்எஸ்ஸையும் சந்தேகப்படலாம். ஒரே அறைக்குள் பிரிண்ட் எடுக்க அவை தேவையில்லை. அதனால்தான் ‘நெட்வொர்க் நன்றாகத்தானே இருக்கிறது’ என்று ஏமாறுகிறோம். கரண்ட் போய் வந்தால் தேதியையும் பாருங்கள். உள்பேட்டரி செத்த மிஷின் ஏதோ ஒரு பழைய வருடத்துக்குப் போய்விடும். சர்வரின் சான்றிதழ் அதற்குச் செல்லாததாகத் தெரியும். மெயில் செட்டிங்ஸில் போர்ட் 25 என்று இருந்தால் 587 ஆக்குங்கள். பல நெட் கம்பெனிகள் 25-ஐ அடைத்து வைத்திருக்கின்றன.

ஜிமெயில்காரர்களுக்கு இன்னொரு சங்கதி. 2022 மே 30-க்குப் பிறகு தனிநபர் கணக்குகளில் சாதாரண பாஸ்வேர்டை மட்டும் வைத்து இப்படி நுழைய முடியாது. இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டு, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு வாங்க வேண்டும். அதை இந்த மிஷினின் தொடுதிரையில் அடிப்பது தண்டனை: எழுத்தெல்லாம் நட்சத்திரமாகத் தெரிகிறது, மெயில் முகவரிக்கான ‘அட்’ குறியோ மூன்றாம் பக்கத்தில் ஒளிந்திருக்கிறது. மிஷினின் ஐபியை கம்ப்யூட்டர் பிரவுசரில் அடித்தால் இதே செட்டிங்ஸ் பெரிய திரையில் வரும். விற்றவர் இதைச் சொல்லவேயில்லை.

இத்தனையும் சரிசெய்தும் எங்கள் மெயில் போகவில்லை. மெயிலைப் பூட்டி அனுப்பும் டிஎல்எஸ் முறையில் மிஷினுக்குத் தெரிந்தது பழைய 1.0 மட்டும், எங்கள் மெயில் சர்வர் 1.2-க்குக் கீழே இருப்பவர்களோடு பேசுவதில்லை. 1.0, 1.1 இரண்டுக்கும் 2021 மார்ச்சிலேயே முறைப்படி விடைகொடுத்தாகிவிட்டது. இந்த மாடலுக்குப் புது ஃபர்ம்வேரும் கிடையாது. ‘ஸ்கேன் டு ஃபோல்டர்’ இருக்கிறதே என்றால், அது எஸ்எம்பி 1 என்ற பழைய ஃபைல் பகிர்வு முறையைக் கேட்கிறது. 2017 மே மாதம் வான்னாக்ரை ரான்சம்வேர் உலகமெங்கும் நுழைந்த ஓட்டை அதில்தான். ஒரு ஸ்கேனுக்காக அதைத் திறந்துவைக்க நான் தயாரில்லை. இப்போதைக்கு பென் டிரைவில் ஸ்கேன், கம்ப்யூட்டரிலிருந்து மெயில்.

வெறும் ஜெராக்ஸுக்கு என்றால் தாராளமாக வாங்குங்கள். கேட்டில் வண்டி காத்திருக்கும் தொழில் என்றால், முன்பணம் கொடுக்கும் முன்பே கடையில் வைத்து உங்கள் மெயிலுக்கு ஒரு பக்கம் அனுப்பிக் காட்டச் சொல்லுங்கள்.