நிலைச்சுருதியும் சுவையும்: பாலகிரெவ் சிம்பொனியின் மூன்றாம் பகுதி

மேலை இசையின் ‘கீ’ என்பதனைப் பண்ணுக்கு நிகராகக் கொண்டு எழுதுவது தமிழில் உண்டு. இது பொருந்துமா என்பதை உருசிய இசையறிஞர் பாலகிரெவின் முதல் சிம்பொனி கொண்டு ஆராயலாம். 1864இல் தொடங்கி 1897இல் நிறைவுற்ற இப்படைப்பு, 1949இல் இலண்டனில் கராயன் நடத்த, பில்ஹார்மோனியா குழுவினரால் இசைத்தட்டில் பதிவாயிற்று. அதற்குப் பொருளுதவி புரிந்தவர், 94 கிருதிகள் இயற்றியவரும் 1974இல் பெங்களூர் அரண்மனையில் மறைந்தவருமாகிய மைசூர் மன்னர் ஜெயசாமராஜ உடையார்.

சிம்பொனியின் நிலைச்சுருதி ‘சி’. மூன்றாம் பகுதியோ அதற்கு அரைச்சுரம் உயர்ந்த ‘டி பிளாட் மேஜரில்’ அமைகிறது. நடை ‘அந்தாந்தே’, விரைவற்ற மிதநடை. கிளாரினெட் நெடிய மெட்டொன்றை இசைக்கிறது. அமைதியும் ஏக்கமும் விரவிய சுவை பிறக்கிறது.

சிலப்பதிகாரம் வழி அறியப்படும் பண்ணுப்பெயர்த்தலில் சுரங்கள் இடம்பெயரா. குரல் மட்டுமே பெயரும். துத்தம் குரலாயின் செம்பாலை படுமலைப்பாலையாகும். இங்கோ குரலும் ஏனைய சுரங்களும் ஒருசேர உயர்கின்றன. சங்கராபரணம் ஒத்த மேஜர் அமைப்பு மாறவில்லை. ஆகவே, இச்சுவைக்குப் பண் மட்டும் காரணமன்று. நிலைச்சுருதியிலிருந்து விலகிய தொலைவும் காரணமாகும். மிதநடை, செவி பழைய குரலை மறந்து புதியதில் தங்க இடந்தருகிறது. இடையீடின்றித் தொடரும் இறுதிப்பகுதி ‘சி’க்கு மீளும்போதே அவ்விலகல் முழுமையாக உணரப்படுகிறது. இப்பகுதியை மட்டும் தனித்துக் கேட்பார்க்கு இது புலனாகாது.

எனவே ‘கீ’யைப் பண் எனப் பெயர்ப்பது இச்சுவையின் காரணத்தையே மறைத்துவிடும். நிலைச்சுருதி, பண் என இரண்டாகப் பகுத்துரைப்பதே தகும்.